போய்வந்தவர் சொன்ன சாட்சி

டெஸ்டர்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டர் பட்டியலோடு சரி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அவர் டெஸ்டரைக் குத்தியிருப்பார். கம்பியில் நுனியை வைத்தால் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பொட்டு விளக்கு எரிந்து சொல்லுமே, அதுதான். கல்யாணத்தன்றும் அது பையில் இருந்தது என்பது அவர் மனைவியின் ஆயுட்காலப் புகார். மாப்பிள்ளையின் நெஞ்சில் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் போட்டோவை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் காட்டுவாள்.

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுவது அவர் தொழில். ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே காலை வைத்ததும் வார்னிஷ் வாடை மூக்கைத் தூக்கும். தண்ணீர் மோட்டாரும் மேசை விசிறியும் வயிற்றைத் திறந்துகொண்டு சுவரோரம் கிடக்கும். கருகின கம்பியை உளி வைத்து வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்து, புதுச் செம்புக் கம்பியை அதே கணக்கில் சுற்றி இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைப்பார். ஓடும் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் ஓடும். தேறாது, தூக்கிப் போடு என்றால் எந்தக் கொம்பன் வந்தாலும் தேறாது. பொய் என்பது அவருக்கு வரவே வராது. தர்மம், நியாயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டார் விஷயத்தில் பொய் சொல்லிப் புண்ணியமில்லை, சுவிட்சைப் போட்டதும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். அப்படியே பழகிப்போன நாக்கு.

பக்கத்துக் கடை, படத்துக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிறவருடையது. ஃபிரேம்காரர் என்றால்தான் தெரியும். அவரிடம் வருவதில் முக்கால்வாசி, போய்ச்சேர்ந்தவர்களின் படங்கள். நாள் முழுக்க அந்த முகங்களைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிற மனுஷன், இவர்களெல்லாம் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று நம்பாமல் எப்படித்தான் பிழைப்பது? நம்பினார். சாதாரணமாக அல்ல, முழு மூச்சாக நம்பினார். நம்பாதவர்களைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அதில் காலையிலேயே வந்து உட்கார்ந்து இரண்டு கடைப் பேப்பரையும் ஓசியில் படிப்பவர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். இவர் டெஸ்டர்காரர் கட்சி. ஆக, இல்லை என்பவர்கள் இரண்டு பேர், இருக்கு என்பவர் ஒருவர். ஆனால் ஃபிரேம்காரரின் தொண்டை இரண்டு பேர் தொண்டைக்குச் சமம், அதனால் சண்டை சரிசமமாகவே நடக்கும்.

"நீ கட்டுற காயிலுக்குள்ள ஓடுற கரண்ட்டை என்னைக்காவது கண்ணால பார்த்திருக்கியா? பார்க்காத ஒண்ணை நம்பித்தானேய்யா நீயும் சோறு திங்கற?" என்பார் ஃபிரேம்காரர்.

"பார்த்ததில்ல. ஆனா இதை வச்சா எரியுது" என்று பையைத் தட்டிக் காட்டுவார் டெஸ்டர்காரர். "உன் மேலோகத்துக்கும் ஒரு டெஸ்டர் கொண்டா. எரிஞ்சுதுன்னா அன்னைக்கே உன் கட்சிக்கு வந்துடறேன்."

வாத்தியார் பேப்பருக்குப் பின்னாலிருந்து கைதட்டுவார். ஃபிரேம்காரர் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டீ சொல்வார். இப்படியே வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

டெஸ்டர்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வாயைத் திறக்க முடியாது. அது அவர் அக்கா வீடு. நடக்கத் தெரியாத வயதில் தாயை இழந்தவரை இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள் அக்கா. தாய் என்றால் அவருக்கு அக்கா முகம்தான் வரும். அக்காவின் வீட்டுக்காரர், நம் டெஸ்டர்காரருக்கு மாமா, லாரி ஓட்டியவர். கெட்டவர் இல்லை. பேச்சு மட்டும் கிடையாது. சாப்பாடு பிடித்திருந்தால் இன்னொரு தடவை தட்டை நீட்டுவார், அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

போனார் என்று நாம்தான் சொல்கிறோம், அக்கா சொல்வதில்லை. தினம் சாயங்காலம் விளக்குப் போட்டதும் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக் கலைத்துப் போடுவாள். தனக்குப் பாதி, எதிர் நாற்காலிக்குப் பாதி. ஆளுக்கொரு சீட்டைத் திருப்ப வேண்டும், பெரிய சீட்டு வந்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாமாவின் சீட்டை அவளே திருப்பி வைப்பாள். அன்றன்றைய சமாச்சாரத்தையெல்லாம் எதிர் நாற்காலியிடம் சொல்லிக்கொண்டே ஆடுவாள். அநேகமாக மாமாதான் ஜெயிப்பார். "உயிரோட இருந்தப்ப இவ்வளவு அதிர்ஷ்டம் கிடையாது. அங்க போய் யாருகிட்டயோ திருட்டாட்டம் கத்துக்கிட்டு வந்திருக்காரு" என்று தம்பியிடமே குறைப்படுவாள். ஊருக்கெல்லாம் காட்டு, காட்டு என்கிற தம்பி அங்கே வாயைத் திறக்காமல் சீட்டைப் பொறுக்கிக் கட்டி வைத்துவிட்டு வருவார்.

அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது இந்தச் சமயத்தில்தான். கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிற கட்டி. சீக்கிரம் எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, விட்டுவைத்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் நெருக்கி ஆளையே முடித்துவிடும் என்றார் டாக்டர். வயதாகிவிட்டதால் மயக்க மருந்தில் கொஞ்சம் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். கூடப் போயிருந்த டெஸ்டர்காரர் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா அசரவில்லை.

"பிழைச்சா இவங்களோட இருப்பேன். போனா அவரோட இருப்பேன். எனக்கு ரெண்டு பக்கமும் லாபம்தானே டாக்டர்? நீங்க தாராளமா வெட்டுங்க" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

அதற்குள் தம்பி முந்திக்கொண்டார். கடையில் ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கும்போது நெஞ்சில் வலி வந்து, ஃபிரேம்காரர்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சேர்த்த மறுநாள், மனைவியும் அக்காவும் பக்கத்தில் நிற்கும்போதே டெஸ்டர்காரரின் இதயம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. நர்ஸ் இரண்டு பெண்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அக்கா, தம்பியைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரியே அதிரக் கூப்பிட்டாள். உள்ளே நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள். ஒரு தடவை வைத்தார்கள், அசையவில்லை. மறுபடி வைத்தார்கள். ஓட ஆரம்பித்தது.

கரண்ட்காரனைக் கரண்ட்டே காப்பாற்றிவிட்டது என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. உடம்பு எப்படி என்று கேட்டவர்கள் குறைவு. சில நிமிஷம் நிஜமாகவே செத்துவிட்டுத் திரும்பிய ஆள் தெருவில் இதுவரை யாருமில்லை. அங்கே என்ன பார்த்தாய் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

டெஸ்டர்காரர் உள்ளதைச் சொன்னார். ஒன்றுமே பார்க்கவில்லை. வெளிச்சம் இல்லை, இருட்டுகூட இல்லை. நர்ஸ் திரும்பியது வரைக்கும் தெரியும், அப்புறம் நெஞ்சில் எரிச்சலோடு கண்ணைத் திறந்தது தெரியும். நடுவில் ஒன்றுமில்லை. கரண்ட் போச்சு, கரண்ட் வந்தது, அவ்வளவுதான்.

வாத்தியார் தலைகால் புரியாமல் குதித்தார். இதைவிட ஒரு சாட்சி எங்கே கிடைக்கும், பேப்பருக்கே எழுதிப் போடலாம் என்றார். ஃபிரேம்காரர் முகம் தொங்கிப்போய்விட்டது. சில நிமிஷம் மட்டும் போனவனுக்கு வாசல் வரைதான் விடுவார்கள், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று முனகிக்கொண்டே போனார்.

வேடிக்கை அது இல்லை. மறுநாள் மத்தியானம் ஃபிரேம்காரர் தனியாக வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, நிஜமாகவே ஒன்றுமில்லையா, சத்தம் கித்தம் ஏதாவது கேட்டிருக்குமே என்று விசாரித்தார். அவர் போன சூட்டிலேயே வாத்தியார் ஒரு பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அவரும் கதவைச் சாத்தினார். சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, ஒரு துளி வெளிச்சமாவது, நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். டெஸ்டர்காரர் இல்லை என்றதும், ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே சோர்ந்துபோய் எழுந்து போனார். ஆரஞ்சுப் பையைக்கூட மறந்து கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா எல்லோரும் போன பிறகு வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் தலையைக் கோதிக்கொண்டே, "மாமாவைப் பார்த்தியாடா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தவனிடம் கேட்கிற மாதிரி சர்வசாதாரணமாகக் கேட்டாள்.

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். எத்தனை வருஷம் அந்த வீட்டில் வாயை அடக்கி வைத்திருந்தார். அன்றைக்கென்று மருந்து மயக்கமா, பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துபோன பழக்கமா, என்ன எழவோ தெரியவில்லை, மற்றவர்களிடம் சொன்னதையே எழுத்துக் குறையாமல் அக்காவிடமும் சொன்னார். அங்க ஒண்ணுமே இல்லக்கா என்றார். தலையைக் கோதிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா சரி என்றாள், போர்வையை இழுத்துவிட்டாள், வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரமே டாக்டரிடம் போய் ஆப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. முன்பு இரண்டு பக்கமும் லாபம். இப்போது ஒரு பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்றுமில்லாத இடத்துக்கு யார் துணிந்து கத்திக்கு வயிற்றைக் காட்டிப் படுப்பார்கள்? கட்டியோடு எத்தனை நாள் ஓடுகிறதோ ஓடட்டும், இருக்கிற நாளாவது கைக்குச் சொந்தம் என்றாள். டெஸ்டர்காரரின் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். நடக்கவில்லை. அவள்தான் வந்து இன்னொன்றும் சொன்னாள். மேசையில் சீட்டுக்கட்டைக் காணோமாம். சாயங்காலம் விளக்குகூடப் போடாமல் அண்ணி சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

டெஸ்டர்காரருக்கு மாரடைப்பு வந்தபோது வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது. தன்னை வளர்த்த உயிரைத் தன் வாயாலேயே சாகடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். சீக்கிரம் என்று டாக்டர் சொன்ன நாட்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வேறு வழியே தெரியாமல், ஜென்மத்தில் செய்யாத காரியத்தைச் செய்யத் துணிந்தார். பொய் சொல்வது என்று முடிவெடுத்து, அதைக் கற்றுக்கொள்ள ஃபிரேம்காரர் கடைக்கே போனார்.

ஃபிரேம்காரருக்கு வாழ்க்கையில் அதைவிட இனிப்பான நாள் கிடையாது. கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒத்திகை நடத்தினார். முதலில் வெளிச்சம் வர வேண்டும், கண்ணை உறுத்தாத வெளிச்சம் என்றார். எத்தனை வாட் இருக்கும் என்று டெஸ்டர்காரர் அக்கறையாகக் கேட்டார். அப்புறம் ஒரு தோட்டம். தோட்டம் என்றால் என்ன செடி, குறுக்குக் கேள்வி வந்தால் என்ன சொல்வாய் என்றார் வாத்தியார். ஆமாம், அவரும் உள்ளேதான் இருந்தார். கொள்கைக்கு விரோதம்தான், ஆனால் ஒரு உயிர் விஷயம் என்பதால் விஞ்ஞானத்துக்கு அரை நாள் லீவு கொடுத்திருந்தார். கடைசியில் மாமா வர வேண்டும், சிரிக்க வேண்டும், அக்காவைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். டெஸ்டர்காரர் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார். அவர் மனைவி மட்டும், உங்களை வளர்த்தவங்ககிட்ட உங்க பருப்பு வேகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டெஸ்டர்காரர் எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு மருந்து மயக்கத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை, இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகிறது என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வெளிச்சத்தையும் தோட்டத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் என்றார்.

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். லாரிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறவர், கிரீஸ் தெரியும் என்று வெள்ளைத் துணியைக் கையால்கூடத் தொட்டதில்லையே என்றாள். அங்கே லாரி இல்லை என்றார் தம்பி சமாளித்துக்கொண்டு. சரி, என்ன சொன்னார் என்று கேட்டாள் அக்கா.

"அக்காவை நல்லா பார்த்துக்கோ, அவ மேல எனக்கு ரொம்பப் பிரியம்னு சொன்னாரு."

"பிரியம்னா?"

"ஆமாக்கா. அந்த வார்த்தையைத்தான் சொன்னாரு."

"அவரு?" என்றாள் அக்கா. "என் பொறந்த நாளைக்கு லாரிக்கு டயர் வாங்கிட்டு வந்த மனுஷன்டா அவரு."

டெஸ்டர்காரருக்கு அதற்கு மேல் பாடம் மறந்துவிட்டது. அக்கா விடவில்லை. சிரித்தாரா, சிரித்தபோது பல் எப்படி இருந்தது, நின்றுகொண்டு பேசினாரா, எந்தக் கையை ஆட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, மனுஷன் அசடு வழிந்துகொண்டு சுவரைப் பார்த்தார். ஊரிலிருக்கிற நம்பிக்கைக்காரர்களையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவரை, நம்பிக்கைக்காரி ஒருத்தி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். ஃபிரேம்காரன் என்று ஒத்துக்கொண்டார். தோட்டத்தில் வாத்தியாரும் கொஞ்சம் கை வைத்தார் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். அக்கா இன்னும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வேற யாராவது ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா, போடான்னு விட்டிருப்பேன்டா. நீ சொன்ன. உனக்குப் பொய் வராது, இதோ இப்பக்கூட வரல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "தினம் அவருகிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன்னு நினைச்சேன். வெறும் நாற்காலிகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

டெஸ்டர்காரர் மடித்த துணி ஒன்றை எடுத்து மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். தான் அன்று என்ன சொன்னோம், அது சரியா என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேச்சையே பிரித்துப் பார்த்தார். எரிந்த மோட்டாரைப் பிரிப்பது போலப் பொறுமையாகப் பார்த்தார். பார்த்ததும் எங்கே தவறு என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு நீ வெளியே நின்னு என்னைக் கூப்பிட்டியாமே."

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன். உன் பொண்டாட்டியைக் கேளு."

"எனக்குக் கேக்கவே இல்ல" என்றார். "கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்ன. என் பேரைத்தான் சொன்ன. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கு. எனக்கு மட்டும் ஒரு சத்தமும் கேக்கல. எனக்குக் கேக்கலைங்கிறதுக்காக நீ கூப்பிடலைன்னு ஆயிடுமா?"

அக்கா மடியிலிருந்த துணியைத் தள்ளி வைத்தாள்.

"பக்கத்துலயே இருந்த உன்னையே தெரியாம கிடந்தவன் நான். அதுக்கு அப்பால என்ன இருக்கு, இல்லைன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நான் பார்க்கல. அதை மட்டும்தான் சொல்லியிருக்கணும். இல்லன்னு சொன்னது தப்பு. இது பொய் இல்லக்கா. என் மூஞ்சியைப் பாரு."

அக்கா பார்த்தாள். தாடையைப் பிடித்துத் திருப்பி, சின்ன வயதில் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரியே உற்றுப் பார்த்தாள்.

"அப்ப இருக்குங்கிறியா?" என்று கேட்டாள்.

"தெரியலங்கிறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. நீ இல்லாம எனக்கு ஆகாது. எனக்கு அம்மா மூஞ்சி தெரியாது, உன் மூஞ்சிதான் தெரியும். அந்தப் பக்கம் லாபமோ நஷ்டமோ, எனக்காக இந்தப் பக்கம் இரு. ஆப்பரேஷன் பண்ணிக்கோ." வயதான மனுஷன், துணிக்குவியலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

துவைச்ச துணியைத் திருப்பி அழுக்காக்கிட்டியேடா என்று அக்கா அதட்டினாள். அதட்டிவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். டாக்டரிடம் போய்த் தேதி கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

ஆப்பரேஷனன்று காலையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கூடவே டெஸ்டர்காரரின் மனைவி. ஃபிரேம்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டிருந்தார். வாத்தியாரின் உதடும் அசைந்தது. என்ன சார் என்று கேட்டதற்கு, பதினேழாம் வாய்ப்பாடு, மறந்துபோகாமல் இருக்க அவ்வப்போது சொல்லிப் பார்ப்பதுண்டு என்றார். டெஸ்டர்காரர் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வாய்க்குள்ளேயே அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை.

டாக்டர் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, அக்கா கெட்டிக்காரி என்றார். ஃபிரேம்காரர் வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாத்தியாரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். டெஸ்டர்காரர் முதலில் போனார், பின்னால் ஃபிரேம்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் உதடு பிதுங்கிவிட்டது.

"உங்க மாமா வரவே இல்லடா" என்றாள். "ஒண்ணுமே பார்க்கல. நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியேதான். ஒண்ணுமே இல்ல."

கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

எத்தனையோ வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து இல்லை, இல்லை என்று தொண்டை வறள வாதாடியவருக்கு இதைவிடப் பெரிய ஜெயம் இனிமேல் கிடைக்கப்போவதில்லை. நம்பிக்கைக்காரி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாள். டெஸ்டர்காரர் குனிந்து அக்காவின் கண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். யோசிக்கவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை, தானாக வந்தது.

"அவரு எப்படிக்கா வருவாரு? வந்தா உன்னைக் கூட்டிக்கிட்டுல்ல போக வேண்டியிருக்கும். நீ எங்ககூட இருக்கணும்னுதான் வராம இருந்திருக்காரு."

அக்காவின் முகம் மெதுவாகத் தெளிந்தது.

"ஆமாண்டா. செய்வாரு. ஒரு வார்த்தை சொல்லாம செய்யறவருதான்" என்றாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனாள்.

கதவருகே ஃபிரேம்காரர் திறந்த வாயை மூடாமல் நின்றார். டெஸ்டர்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, மாமாவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.